தீபாவளிக்கு வெல்லம் தின்ற தொட்டி

நான் பயந்தால் எதையும் இரண்டு மடங்காகச் செய்கிறவன். வீட்டைப் பூட்டியபின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பவர்கள் ஊரில் நிறையப் பேர். நான் இழுத்த இழுப்பில் தாழ்ப்பாளே கையோடு வந்திருக்கிறது. பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவேனோ என்று பயந்து, அதற்கு முன்னால் நின்ற பஸ்ஸில் ஏறி, அது வேறு ஊர் பஸ் என்பது மங்கலம்பேட்டை வந்தபிறகு தெரிந்து, இறங்கி நின்று டீ குடித்திருக்கிறேன். இந்தக் குணத்தோடு ஒருவன் பார்க்கக்கூடாத வேலை என்று ஒன்று உண்டென்றால், அது நான் பார்த்த வேலைதான்.

கடலூர்ப் பக்கம் கடல் உள்ளே வந்த அந்த டிசம்பரில் நான் வளைகுடாவில் இருந்தேன். தொழிலாளர் முகாமின் சாப்பாட்டுக் கூடத்து டிவியில் எங்கள் மாவட்டத்தின் பெயர் ஓடியது. மனைவியும் மகளும் இருந்தது சிதம்பரத்தில், வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மனைவியின் தம்பி வீட்டில். கடல் அங்கே வரவேண்டுமென்றால் டிக்கெட் எடுத்து பஸ் ஏறித்தான் வரவேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், லைன் கிடைக்கும்வரை எண்களை அழுத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் கிடைத்தது. நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவள் சொன்னது நினைவிருக்கிறது.

"நாங்க நல்லாத்தான் இருக்கோம். மொதல்ல நீங்க மூச்சு விடுங்க. இங்க வரைக்கும் கேக்குது."

அந்த முகாமில் ஆயிரக்கணக்கான ஆண்கள் குளித்த, துவைத்த, கழித்த தண்ணீரையெல்லாம் ஒரு தொட்டியில் சேர்த்து, காற்றடித்து, தெளியவைத்து, வடிகட்டி, சாலையோர மரங்களுக்கு அனுப்புவது என் வேலை. வீட்டில் 'வாட்டர் கம்பெனி' என்று சொல்லிவைத்திருந்தேன். பொய்யில்லை. எந்த வாட்டர் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊர் திரும்பியபின் மைத்துனன் ஒருநாள் துருவித் துருவிக் கேட்டுக் கண்டுபிடித்துவிட்டான். அன்றிலிருந்து நான் அவன் வீட்டில் இலையின் முன்னால் உட்காரும்போதெல்லாம், "மாமா, கை கழுவிட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பான். அவன் கண் முன்னாலேயே கழுவிவிட்டு வந்திருப்பேன். எழுந்துபோய் இன்னொரு முறை கழுவுவேன்.

2009-இல் நிரந்தரமாக ஊர் வந்தேன். கடலூரில், கடலைப் பார்த்துப் போகும் சாலையில், புதிதாகக் கட்டிய ஒரு அடுக்குமாடிக் காலனியில் அதே வேலை கிடைத்தது. அங்கே போர்த் தண்ணீர் உப்பு. அதில் குளித்தால் தலை தேங்காய் நாராகிவிடும். குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீர். இந்தக் கஷ்டம் முன்கூட்டியே தெரிந்துதான், காலனியைக் கட்டும்போதே ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு குழாய் போட்டிருந்தார்கள். ஒன்று சாதாரணக் குழாய். இன்னொன்று ஊதா வண்ணம் அடித்தது. காலனியின் கழிவுநீரைச் சுத்தம் செய்து, அந்த ஊதாக் குழாய் வழியாகக் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிகளுக்கே திருப்பி அனுப்புவதாகத் திட்டம். மாடியேறும் போர்த் தண்ணீரில் பெரும்பங்கு மிச்சமாகும்.

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. மனிதர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாவது மாடிக்காரர் ஒருவர் என்னிடமே சொன்னார்: "போனது போனதாவே இருக்கட்டும் சார். அது எதுக்குத் திரும்பி வரணும்?" ஆக, ஊதாக் குழாயின் வால்வை மூடி, யாரும் திருப்பிவிடாதபடி நைலான் கயிற்றால் கட்டிவைத்திருந்தார்கள். நான் தெளியவைத்த தண்ணீர் புல்தரைக்கும் வேலியோர அரளிச் செடிகளுக்கும் மட்டும் போனது. அரளி பிரமாதமாகப் பூத்தது. அதை ஒருவரும் பறிக்கவில்லை.

தொட்டிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு அறை. கட்டில், அடுப்பு, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ப்ளோயர். ப்ளோயர் என்பது தொட்டிக்குள் காற்றை ஊதும் யந்திரம். அது ராப்பகலாக ஓடும். முதல் வாரம் அந்தச் சத்தத்தில் தூங்க முடியவில்லை. பிறகு கரண்ட் போய் அது நின்றால்தான் விழிப்பு வந்தது, யாரோ பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டதுபோல.

காற்று எதற்கென்றால், தொட்டிக்குள் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு. வேலை செய்வது அவைதான். அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைப்பவை அவை. நான் அவற்றுக்குக் காற்று விடுகிற, காவல் காக்கிற ஆள். நான் அவற்றைப் 'பசங்க' என்றுதான் சொல்வேன். நாள் முழுக்கப் பேச ஆளில்லாத மனிதன் எதையாவது அழைக்கத்தானே வேண்டும். காலையில் பழுப்புநிறமாகப் புரண்டுகொண்டிருக்கும் தொட்டியை எட்டிப்பார்த்து, "என்னப்பா, ராத்திரி எப்படிப் போச்சு?" என்பேன். நல்ல பையன்கள், ஈர மண் வாசனையில் பதில் சொல்வார்கள்.

காலனிக்காரர்களில் என் முகம் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களும் மூக்கில் கைவைத்தபடியே வணக்கம் சொல்லும் ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தார்கள். எனக்கோ அவர்கள் எல்லோரையும் தெரியும். எப்போது எழுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை எத்தனை வீட்டில் கறி, எந்த மாடியில் விருந்தாளி, கிரிக்கெட்டில் எப்போது இடைவேளை, எல்லாம் வந்து விழும் தண்ணீரின் வேகத்திலும் நிறத்திலும் தெரிந்துவிடும். ஒரு ஊரையே பின்பக்கமாக அறிந்தவன் நான். முன்பக்கமாக ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை.

மனைவி சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். அரசு வேலைக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்து, அது வருமென்று எங்கள் மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே காத்திருக்கிறாள். தம்பி வீட்டிலேயே எத்தனை காலம் இருப்பது என்று அவளுக்கும் சலிப்பு. "ஒரு வீடு பாருங்க. சின்னதா இருந்தாலும் பரவால்ல. பாப்பாவக் கூட்டிக்கிட்டு வந்துடுறேன்" என்று சொல்லியிருந்தாள். தனியார் பள்ளி கடலூரிலும் உண்டு என்பது அவள் கணக்கு.

பம்ப் ஹவுஸுக்கு மேலே இரண்டு அறைகள் இருந்தன. அசோசியேஷனின் பிளாஸ்டிக் நாற்காலிகளும் பந்தல் துணியும் அதில் சுகமாகக் குடியிருந்தன. ஐப்பசி தொடக்கத்தில் செகரட்டரி என்னைக் கூப்பிட்டார். ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் பச்சைக்கொடி, சிவப்புக்கொடி என்றுதான் யோசிப்பார்.

தீபாவளி விடுமுறை முடிந்து வருகிற ஞாயிறு பொதுக்கூட்டம் என்றார். எல்லோரும் தொட்டியை வந்து பார்க்கப் போகிறார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்து, வாசனையும் இல்லையென்றால், ஊதாக் குழாயைத் திறந்துவிடலாம், என் வேலையும் நிரந்தரம், மாடி அறைகள் இரண்டும் எனக்கு. இல்லையென்றால் இத்தோடு பூட்டு, நான் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்று சாயங்காலமே மாடி ஏறிப்போய், நாற்காலிகளுக்கு நடுவே நின்று, மகளுக்கு மேஜையை எங்கே போடுவது என்று பார்த்தேன். ஜன்னலோரம் சரியாக இருக்கும். ஜன்னலைத் திறந்தால் தொட்டி தெரியும். அதனால் இன்னொரு ஜன்னலோரம்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது, தீபாவளி வந்தது.

காலனியில் இருந்தவர்கள் எல்லோரும் வேலைக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள். விடுமுறை வாரக்கடைசியோடு சேர்ந்துகொண்டதும், பையும் பட்டாசுமாக ஒரே நாளில் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். கேட்டில் வாட்ச்மேனும், தொட்டியடியில் நானும் மிச்சம். ஆட்கள் இல்லாவிட்டால் சத்தம் இருக்காது, விளக்கு எரியாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிவது. எனக்கு மட்டும் தெரிந்த இன்னொன்று உண்டு: தொட்டிக்கு எதுவும் வராது. எதுவும் வராவிட்டால் பசங்க பட்டினி. வளைகுடா முகாமில் இந்தப் பிரச்சினையே கிடையாது. அங்கே எவனும் பண்டிகைக்கு ஊருக்குப் போக முடியாது.

சென்னையிலிருக்கும் கான்ட்ராக்ட் இன்ஜினியருக்கு போன் செய்தேன். இதற்கெல்லாம் ஒரு வழி இருக்கிறது என்றார். கொஞ்சம் வெல்லம் கரைத்து ஊற்றணும், துளி யூரியா, கொஞ்சம் சாணிக் கரைசல். காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். ஆட்கள் திரும்பி வரும்வரை பசங்க உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். "கொஞ்சமா போடுங்க, ஜாஸ்தி வேணாம்" என்று கடைசியில் சொன்னார். என் காதில் கொஞ்சம் என்பது விழவேயில்லை என்று சொல்லமாட்டேன். விழுந்தது. வெளியே போய்விட்டது.

முதல் நாள், புல்தரைக்கு வைத்திருந்த யூரியாவில் துளி எடுத்து, அவர் சொன்னபடிதான் செய்தேன். மறுநாள் காலை தொட்டியைப் பார்த்தால், நிறம் வெளிறியிருந்தது போல ஒரு தோற்றம். கண்ணாடி ஜாடியில் தண்ணீரை எடுத்துவைத்து, சேறு எவ்வளவு படிகிறது என்று பார்ப்பது வழக்கம். பார்த்தேன். குறைவாகப் படிந்தது போல இருந்தது. இன்னொரு ஜாடியில் பார்த்தேன். அதிலும் போல. இன்ஜினியருக்கு அடித்தால், அவர் போன் அணைந்திருந்தது. அவருக்கும் தீபாவளி.

மனதில் ஒரே காட்சி. ஞாயிற்றுக்கிழமை, தொட்டியைச் சுற்றிக் காலனியே நிற்கிறது. உள்ளே கோடிக்கணக்கான பிணங்கள். செகரட்டரி கையில் சிவப்புக் கொடி. மாடி அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன.

சைக்கிளை எடுத்துக்கொண்டு முதுநகர் போனேன். மளிகை மண்டியில், இருப்பதிலேயே மட்டமான கருப்பு வெல்லம் ஒரு மூட்டை கேட்டேன். கடைக்காரர் தராசிலிருந்து தலையைத் தூக்கினார். "யூரியா எங்க கிடைக்கும்?" என்று அடுத்து கேட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இன்னாத்துக்குண்ணே இவ்ளோ வெல்லம்?"

கழிவுநீர்த் தொட்டிக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. வாட்டர் கம்பெனி காலத்துப் பழக்கம். "பொங்கல் வைக்க" என்றேன்.

"தீபாவளிக்கா?"

"எங்க வீட்டுல முன்னாடியே வச்சிடுவோம்."

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் கருப்பு வெல்லமும் யூரியாவும் ஒருவன் ஒன்றாக வாங்கினால், அது எதற்கு என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சாராயம் காய்ச்ச ஊறல் போடுவதற்கு. அது எனக்கு மட்டும் அன்று ஞாபகத்துக்கு வரவில்லை. மூட்டையையும், உரக்கடையில் வாங்கிய யூரியாவையும் சைக்கிள் கேரியரில் கட்டி, திருடிவந்தவன் மாதிரி வேர்த்து விறுவிறுத்து காலனிக்குள் நுழைந்தேன். வாட்ச்மேன் எழுந்து நின்று, கேட்டை வழக்கத்தைவிட அகலமாகத் திறந்துவிட்டார்.

மூட்டையை முழுக்கக் கரைத்து ஊற்றினேன். யூரியாவைக் கைநிறையப் போட்டேன். பக்கத்துத் தோப்பில் கட்டியிருந்த மாடுகளின் சாணியை வாளி வாளியாக அள்ளிவந்து கொட்டினேன். பட்டினி கிடந்த பிள்ளைகளுக்கு விருந்து வைத்த திருப்தியோடு நிமிர்ந்தபோது, போன் அடித்தது. மனைவி.

நாளைக்குக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நேரத்துக்கு வந்துவிடுவேன் அல்லவா என்று கேட்டாள். தொட்டியை விட்டுவிட்டு வரமுடியாது என்றேன். ஒன்றரை மணி நேர பஸ், காலையில் வந்து சாயங்காலம் போகலாமே என்றாள். நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் என்றேன். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வரலாமே என்றாள். அவருக்கு ஜாடி பார்க்கத் தெரியாது என்றேன். ப்ளோயர் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"எங்க ரெண்டு பேருக்கும் ஜாடி வச்சிப் பாக்க ஆளில்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தீபாவளியன்று விடிகாலையில் எனக்கு நானே எண்ணெய் வைத்துக்கொண்டேன். முதுகில் நடுப்பகுதிக்குக் கை எட்டவில்லை. கல்யாணமான மனிதனுக்கு முதுகில் அவ்வளவு இடம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. புதுச்சட்டை சிதம்பரத்தில் இருந்தது. துவைத்ததில் நல்லதாகப் பார்த்துப் போட்டுக்கொண்டேன். ஹோட்டல் எதுவும் திறக்கவில்லை. ஒரு கம்பி மத்தாப்பைக் கொளுத்தித் தொட்டி விளிம்பில் பிடித்தேன். தண்ணீரில் பிம்பம் விழுமென்று நினைத்தேன். விழவில்லை. தொட்டியின்மேல் மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று இருந்தது. நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகள் பால்சோறு தின்ற வாயோடு இருக்கிறார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் வாட்ச்மேன் வந்தார். காடாம்புலியூர்க்காரர். என் வயதுதான் இருக்கும். கேட்டை விட்டு இந்தப் பக்கம் அவர் வந்ததேயில்லை. ஒரு கையில் எவர்சில்வர் டம்ளர், இன்னொரு கையில் காகிதப் பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்தார். வறுத்த முந்திரி, மிளகுத்தூள் போட்டது. அவர் வீட்டில் வறுத்தது. என் கட்டிலில் உட்கார்ந்து, டம்ளரைத் தரையில் வைத்து, என் பக்கம் மெதுவாகத் தள்ளினார்.

"நல்ல நாளும் அதுவுமா தனியாவே இருக்கறீங்க. நானும் தனியாத்தான் இருக்கறேன். கொஞ்சமா ஊத்துங்க சார்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, இருந்திருந்தால் மனசாரக் கொடுத்திருப்பேன், கொடுக்க ஒன்றும் இல்லை. வெல்லம் பசங்களுக்கு என்று விளக்கினேன். பாக்டீரியா, பட்டினி, காற்று, ஜாடி, எல்லாவற்றையும் சொன்னேன். அவரைக் கூட்டிப்போய் தொட்டியைக் காட்டினேன். அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். காற்றில் புளித்த கள்ளின் வாடை அடித்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க சார். கக்கூசுக்கு வெல்லம் ஊத்துனேன்னு சொல்றீங்களே, நான் இன்னா சின்னப்புள்ளயா?"

டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முந்திரியை விட்டுவிட்டுப் போனார். நான் அதைத் தொடவில்லை. அந்த வருஷம் பூராவும் என் அறைக்கு வந்த ஒரே விருந்தாளியை வெறும் டம்ளரோடு அனுப்பியிருந்தேன்.

ஞாயிறு விடிந்தபோது கதவைத் திறக்க முடியவில்லை. தள்ளித் திறந்தால், வாசலில் இடுப்பளவுக்கு வெள்ளையாக ஒன்று நின்றது. நுரை. ஜாஸ்தியாக வெல்லம் தின்ற பசங்க இரவெல்லாம் ஏப்பம் விட்டிருக்கிறார்கள். தொட்டியின் விளிம்பைத் தாண்டி, அரளிச் செடிகளை மூடி, புல்தரையில் இறங்கி, கேட்டை நோக்கி அது நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. கடல்காற்று அதிலிருந்து உருண்டை உருண்டையாகப் பிய்த்து மேலே பறக்கவிட்டது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. நாற்றம்தான் அழகாக இல்லை.

குடத்தில் தண்ணீர் எடுத்து அடித்தேன். நுரை இரண்டு மடங்கானது. துடைப்பத்தால் பெருக்கினேன். துடைப்பம் காணாமல் போனது. அந்த நேரத்தில்தான் ஒவ்வொரு காராக, ஆட்டோவாக, பலகாரத் தூக்குகளோடு காலனி திரும்பி வர ஆரம்பித்தது. பிள்ளைகள் இறங்கி நுரைக்குள் ஓடின. தாய்மார்கள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார்கள். செகரட்டரி வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி என்னை நோக்கி வந்தார். அவருக்குப் பின்னால், மதுவிலக்கு போலீஸ் ஜீப்.

போலீஸுக்குச் சொன்னது தானில்லை என்று வாட்ச்மேன் பிறகு சத்தியம் செய்தார். நான் நம்புகிறேன். மண்டிக்காரராகத்தான் இருக்கும். ஏட்டு ஒருவரும் போலீஸ்காரர் ஒருவரும் இறங்கினார்கள்.

"ஊறல் எங்க?" என்றார் ஏட்டு.

பயந்தால் நான் இரண்டு மடங்கு என்று சொன்னேன் அல்லவா. கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். வெல்லம் போட்டேன் சார், யூரியாவும் போட்டேன் சார், சாணியும் போட்டேன் சார். சாணி என்றதும் ஏட்டு ஒரு அடி பின்னால் போனார்.

"எவன் குடிப்பான் இத? யாருக்கு ஊத்துன?"

"பசங்களுக்கு சார்."

"எத்தினி பேரு?"

"கோடிக்கணக்குல இருப்பாங்க சார்."

ஏட்டு திரும்பி, போலீஸ்காரரை மோந்து பார்க்கச் சொன்னார். அவர் தொட்டிவரை போய், குனிந்து, அப்படியே நின்றார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. "சார், இது கக்கூசு சார்" என்று மெதுவாகச் சொன்னார். சுற்றி நின்ற காலனி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால், கூட்டத்துக்குப் பின்னால் மனைவியும் மகளும் நின்றிருந்தார்கள். மகள் கையில் அதிரசத் தூக்கு.

நான் வராததால், அவர்களே முதல் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். என் வேலையிடத்தை அவர்கள் பார்ப்பது அதுதான் முதல்முறை. இடுப்புவரை நுரை, ஒரு கையில் காலிக் குடம், எதிரே போலீஸ். வாட்டர் கம்பெனி.

ஜீப் போனபிறகு, கூட்டம் அங்கேயே, அந்த நாற்றத்திலேயே நடந்தது. மாடி அறையிலிருந்து நாற்காலிகளை இறக்கிப் போட்டார்கள். நான் நுரையோடு ஓரமாக நின்றேன். பேசவேண்டியதையெல்லாம் ராத்திரி கட்டிலில் படுத்துக்கொண்டு பலமுறை ஒத்திகை பார்த்திருந்தேன். கூட்டத்தில் சட்டையில் ஒட்டிய நுரையைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன். பூட்டிவிடலாம் என்பதில் பெரும்பாலோர் ஒன்றாக இருந்தார்கள். செகரட்டரி கையைத் தூக்கச் சொல்லப் போனார்.

அப்போது என் மனைவி எழுந்து நின்றாள். காலனிக்காரி இல்லை, பேச உரிமையும் இல்லை. ஆனால் நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்காரவைத்துப் பழகியவள்.

"பூட்டுறதுன்னா பூட்டிக்குங்க சார். நாளைக்குக் காலைல நீங்கல்லாம் போறது எங்க போவும்?"

ஒருவர், கழிவுநீர் லாரி வந்து எடுத்துப் போகும் என்றார்.

"தினமும் வருமா? பண்டிகை நாள்ல வருமா?" என்று கேட்டாள். "இவரு பண்டிகைக்கு வீட்டுக்கு வரல. பெத்த புள்ளயோட தீபாவளி கொண்டாடல. தொட்டில இருக்கிற இதுங்க செத்துடும்னு இங்கயே கிடந்தாரு. கொஞ்சம் அதிகமா கிடந்துட்டாரு. அந்த லாரிக்காரன் கிடப்பானான்னு கேட்டுட்டு அப்புறம் கையத் தூக்குங்க."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. என்னைப் புகழ்ந்தாளா திட்டினாளா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருந்தன.

கை யாரும் தூக்கவில்லை. செகரட்டரிதான் ஒரு வழி சொன்னார். ஒரு மாதம் பார்க்கலாம், ஊதாக் குழாயை முதலில் அவர் வீட்டுக்கு மட்டும் திறக்கலாம். பச்சையுமில்லை, சிவப்புமில்லை. மஞ்சள் விளக்கு.

ஆட்கள் திரும்பி வந்து, தின்று, குளித்து, கழித்து வாழ்ந்ததில், தொட்டி தானாகவே சரியாகிக்கொண்டு வந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் நான் செய்த பெரிய வேலை. நுரை அடங்கியது. ஜாடியில் சேறு கீழே நின்று, மேலே தண்ணீர் தெளிந்தது. செகரட்டரி வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் வீட்டைப் பார்த்து எதிர்வீடு, எதிர்வீட்டைப் பார்த்து மேல்வீடு. கோடையில் போர் மோட்டார் காற்றை மட்டும் இழுத்துத் துப்பியபோது, போனது திரும்பி வரவேண்டாம் என்ற மூன்றாம் மாடிக்காரரே என் அறைக்கு வந்து, "நம்ம வீட்டுக்கு எப்ப சார் திறப்பீங்க?" என்று கேட்டார். மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுத்தான் கேட்டார். நைலான் கயிற்றை நானே அறுத்தேன்.

மாடி அறைகளின் சாவியைக் கொடுத்தார்கள். சுண்ணாம்பு அடித்தேன். மேஜை வாங்கி, தொட்டி தெரியாத ஜன்னலோரம் போட்டேன். சொல்லலாமென்று போனை எடுக்கும்போது, அவளே அழைத்தாள். அரசு வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது. கீரப்பாளையம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். கடலூரிலிருந்து தினமும் போய்வர முடியாது. அவள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. பாதி வயதைக் காத்திருந்தே கழித்தவள்.

"வீடு?" என்று அவளே கேட்டாள்.

"ரெடியா இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும். லீவுக்கு வர்றோம்."

நல்லது என்றேன். ரொம்ப நல்லது என்று இன்னொரு முறையும் சொன்னேன். மேஜையைப் பற்றிச் சொல்லவில்லை.

அடுத்த தீபாவளிக்குச் சொன்னபடி வந்தார்கள். காலனி வழக்கம்போலக் காலியானது. வாட்ச்மேனுக்குக் கறிக்குழம்பும் இட்லியும் மனைவியே கேட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் பதிலுக்கு முந்திரி கொடுத்தனுப்பினார், என்னைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல். என் முதுகின் நடுப்பகுதிக்கு எண்ணெய் கிடைத்தது. வெல்லம் என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. தொட்டிக்குப் போனது கைப்பிடி வெல்லம், அதுவும் மனைவி அளந்து கொடுத்தது.

மகளுக்கு ஒரு விளையாட்டு கிடைத்துவிட்டது. மேலே ஃப்ளஷை இழுத்துவிட்டு, ஜன்னலுக்கு ஓடிவந்து எட்டிப்பார்ப்பாள். தொட்டி தெரிகிற ஜன்னல்.

"அப்பா, உன் பசங்களுக்கு அனுப்பிட்டேன். வந்துச்சா?"

நான் கீழே குனிந்து நிற்பேன். குழாயில் சலசலவென்று சத்தம் நெருங்கி வரும். "வந்துடுச்சிம்மா" என்பேன். தண்ணீரை வீணாக்காதே என்று சொல்லவேண்டியவன் நான். அங்கே வீண் என்பதே கிடையாது. அவள் இழுத்ததே தெளிந்து மறுபடி அவளுக்கே போகும். ஆகவே இழுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விடுமுறை முடிந்து, அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். காலனிக்காரர்கள் இன்னும் வரவில்லை. குழாயிலிருந்து ஒரு சொட்டு இல்லை. ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மாடிக்கு ஏறிப்போய், ஃப்ளஷை இழுத்துவிட்டு, வந்து சேர்கிறதா என்று பார்க்க அவசரமாகக் கீழே இறங்கினேன். வந்தது.

மறுபடி மாடியேறி, இன்னொரு முறையும் இழுத்தேன்.